இருபத்துநாலாம் போர்ட்

வெள்ளவத்தை,
8 செப்ரெம்பர் 2025

திரு. மெல்ரோய் அவர்களுக்கு,

உங்கள் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். ஒபிசுக்கு எழுதினால் வரவேற்பு மேசையில்தான் முதலில் வாசிப்பார்கள். ஒன்பது வருடம் அங்கே வேலை செய்தவளுக்கு அது தெரியும். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் ஜூன் முப்பதாம் திகதி, என் மேசையைத் துப்புரவாக்கிய அன்றே உங்கள் இலக்கத்தை அடைத்துவிட்டேன். திறக்கும் எண்ணமும் இல்லை. போனில் கதைத்தது காற்றோடு போய்விடும். எனக்கு எழுத்தில் வேண்டும்.

விஷயம் இதுதான். ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்ட்டில் மார்ச் மாதம் நாங்கள் இருவரும் போட்ட நெட்வேர்க் பதினொரு கிழமை இழுபட்டது. காலையில் லொறிகள் வரத் தொடங்கினால் கேட் ஒபிஸ் திரை உறைந்துபோகும். வரிசை பிரதான வீதி வரை நிற்கும். ஜூன் மூன்றாம் திகதி எல்லாம் சரியாயிற்று. அன்றைக்கு, எங்களுக்குக் கீழே வேலை செய்த அனுஜன், சுவிட்சுகள் அடுக்கியிருக்கும் ராக்கில் ஒரு கேபிளைச் செருகினான். அந்தக் கேபிள் இல்லாததால்தான் நாலு சுவிட்சுகளின் இணைப்பு வேகம் பாதியாகிப்போனது, அதைக் கவனிக்காமல் விட்டவள் சுபோதினி என்று எங்கள் பொறுப்பாளர் இராசரத்தினம் சேர் அறிக்கை எழுதினார். “வடிவமைப்புப் பிழை” என்று போட்டு, எதிரே என் பெயர். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

இப்போது நுகேகொடையில் ஒரு கொம்பனியில் மூன்று நேர்முகம் முடிந்திருக்கிறது. இந்த மாதம் முப்பதாம் திகதிக்குள் பழைய இடத்தில் விசாரிப்பார்கள். அந்த அறிக்கை அவர்கள் கைக்குப் போனால் நுகேகொடையை விடுங்கள், கொழும்பில் எவரும் ஒரு ராக்கை என்னை நம்பித் தரமாட்டார்கள்.

ஒரே ஒரு கேள்வி. ஜூன் மூன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் கேட் ஒபிஸில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

சுபோதினி


கொட்டாஞ்சேனை,
12.09.2025

சுபோதினி அவர்களுக்கு,

பதிவுத் தபாலில் கடிதம் வந்ததும் மனுசி கொன்ஸ்ரன்ஸ் பயந்துபோனாள். நீதிமன்றத்திலிருந்து வந்ததாக்கும் என்று நினைத்தாள். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “சுபோட எழுத்தல்லவா?” என்றாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி, எனக்குத்தான் தாங்காது.

ஜூன் மூன்று எனக்கு ஞாபகம் இல்லை. கேட் ஒபிசுக்குப் போயிருப்பேன். அங்கே லொறிகளுக்குச் சீட்டு அடிக்கும் ஷஹீமா நல்ல பிளேன்ரீ போடுவா, அதைக் குடித்திருப்பேன். கேபிளைச் செருகினார்கள், யார்ட் சரியாயிற்று. அறிக்கை எழுதியது நானில்லை. உங்கள் பெயரை அதில் போடச் சொல்லி எவரிடமும் நான் சொன்னதும் இல்லை.

எழுத்தில் கேட்டதால் இன்னொன்றையும் எழுத்திலேயே சொல்லுகிறேன். பெப்ரவரி ஆறாம் திகதிக் கூட்டம் உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. யார்ட் ஆட்கள் ஏழு பேருக்கு முன்னால், இந்தச் சுவிட்சுகளை அடுக்கி இணைத்தால் எண்பது கிகாபிட் ஓடும் என்று சொன்னேன். பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. நீங்கள் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: “அது போறதையும் வாறதையும் கூட்டி, ரெண்டு போர்ட்டையும் கூட்டிச் சொல்லுற கணக்கு. ஒரு கேபிள்ல ஒரு பக்கம் போறது இருபதுதான்.” யார்ட் மனேஜர் என்னைப் பார்த்து, “அப்ப மிஸ்டர் மெல்ரோய் நாலு மடங்கா அளந்து விட்டிருக்கிறார்?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

கணக்குச் சரிதான். அதை வாசலில் வந்து என் காதில் சொல்லியிருக்கலாமே? இருபத்தாறு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

மே மாதம் மகள் ரொஷேலுக்குக் கோயிலில் உறுதிபூசுதல் நடந்தது. நீங்கள் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

நுகேகொடை வேலை கிடைக்கட்டும். செபத்தில் நினைத்துக்கொள்ளுகிறேன்.

மெல்ரோய்


வெள்ளவத்தை,
16 செப்ரெம்பர் 2025

திரு. மெல்ரோய் அவர்களுக்கு,

செபத்துக்கு நன்றி. பதிலுக்கு நன்றி சொல்ல முடியவில்லை, ஏனென்றால் பதில் இல்லை.

அந்தக் கேபிளின் கதையை நீங்களே அறிவீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். நாலு சுவிட்சையும் ஒன்றோடொன்று கோத்து, கடைசியையும் முதலாவதையும் இணைத்தால் வளையம் பூர்த்தியாகும். அந்தக் கடைசிக் கேபிளுக்கு ஒரு மீற்றர் வேண்டியிருந்தது, வந்தது அரை மீற்றர். சரியான கேபிள் மே மாதம் வந்து பெட்டியிலேயே கிடந்தது. அது என் கவலையீனம், ஒத்துக்கொள்கிறேன். வளையம் திறந்து கிடந்தால் பெட்டியில் போட்ட எண்பது நாற்பதாகும். அதுவும் உங்கள் கணக்கில். என் கணக்கில் ஒரு பக்கம் போக இருபது அப்போதும் மிச்சம். கேட் ஒபிசில் இருப்பது பழைய சுவிட்ச், நூறு மெகாபிட்டுக்கு மேல் அது போகாது. இருபது கிகாபிட் என்பது அந்த நூறைப்போல இருநூறு மடங்கு. இருநூறு லொறி போகக்கூடிய வீதியில் ஒரு லொறி நெரிபட்டது என்று இராசரத்தினம் சேர் நம்பலாம். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அனுஜன் கேபிளைச் செருகிய நேரம் இருக்கிறது: பதினொன்று ஐந்து.

போன ஞாயிறு கல்கிசையில் ஒரு கலியாண வீட்டில் ஷஹீமாவைக் கண்டேன். வேறு எதையோ கதைத்துக்கொண்டு நின்றபோது அவவாகவே சொன்னா: “அண்டைக்கு மெல்ரோய் சேர் வந்து பழைய பெட்டிக்கு முன்னால குந்தியிருந்தாரு. பத்து இருபதுக்கெல்லாம் ஸ்க்ரீன் பறக்கத் தொடங்கிட்டு. நான் பத்தரைக்குள்ள பதினெட்டு லொறி விட்டுட்டேன் மிஸ்.” கேட்டால், அந்தப் பதினெட்டுச் சீட்டிலும் நேரம் அச்சாகியிருக்கிறதாம்.

ஆக, கேபிள் செருகுவதற்கு முக்கால் மணித்தியாலம் முன்பே யார்ட் சரியாகிவிட்டது. பிளேன்ரீ குடித்ததால் சரியானது என்றால் அதையே எழுதி அனுப்புங்கள், அதையும் பத்திரப்படுத்தி வைக்கிறேன்.

கூட்டத்தில் நான் சிரித்தது உண்மை. அது பிழை.

சுபோதினி


கொட்டாஞ்சேனை,
21.09.2025, ஞாயிறு

சுபோ,

பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். இதை நாலாவது முறையாக எழுதுகிறேன். முன்னைய மூன்றும் குப்பைக்குப் போய்விட்டன. இனி “அவர்களுக்கு” என்று போட்டு எழுத எனக்கு ஏலாது.

அன்றைக்குக் காலை ஒன்பதரைக்கு சேர் என்னைக் கேட்டுக்கு அனுப்பினார். பழைய சுவிட்சில் என் மடிக்கணினியைச் செருகி, பிழைகள் எண்ணிக்கையைப் பார்த்தேன். லொறி ஒன்று வந்து கேட்டிலுள்ள எட்டுக் கமராவும் படம் அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அது நூறு நூறாக ஏறியது. வரிசை நின்றால் அதுவும் நிற்கும். உடனே விளங்கிவிட்டது. சுபோ, உனக்கும் இந்த வரியிலேயே விளங்கியிருக்கும்.

அந்தப் போர்ட்டை நான் மார்ச் மாதம் கையால் பூட்டியிருந்தேன். நூறு, ஃபுல் டூப்ளெக்ஸ், போறதும் வாறதும் ஒரே நேரத்தில், மாறாதே என்று. என் வழக்கம் உனக்குத் தெரியும், எதையும் தானே தெரிவுசெய்யட்டும் என்று ஓட்டோவில் விடமாட்டேன். ராக் பக்கத்தில் உன்னுடைய போர்ட் ஓட்டோவில் இருந்திருக்கிறது. பூட்டிய போர்ட் மற்றப் பக்கத்தோடு பேரம் பேசாது. ஓட்டோவில் இருக்கும் போர்ட்டால் வேகத்தை மட்டும்தான் மோப்பம் பிடிக்க முடியும். டூப்ளெக்ஸ் தெரியாவிட்டால் அது ஹாஃபுக்கு இறங்கிவிடும். என் பக்கம் அனுப்பிக்கொண்டே வாங்கும். உன் பக்கம், மற்றவன் அனுப்பி முடிக்கும்வரை காத்திருக்கப் பார்க்கும். என் பக்கம் முடிக்கவே முடிக்காது. இரண்டும் மோதி, மோதினது எல்லாம் திரும்ப அனுப்பப்பட்டு, பதினொரு கிழமை.

நாங்கள் சோதித்தது மார்ச் பதின்மூன்று, போயா தினம். யார்ட்டில் ஒரு லொறி இல்லை. லீவு நாளில் செய்தால் தொல்லை இல்லை என்று நான்தான் நாள் குறித்தேன். காலியான வயரில் எந்தப் பிழையும் காட்டாது. எல்லாம் சரி என்று இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஒன்பது வருடமாக எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நீ ஒரு முனை, நான் ஒரு முனை, காதில் போன். “என்ட பக்கம் நூறு, ஃபுல்.” “என்ர பக்கமும் நூறு, ஃபுல்.” மற்றவர் வாசித்ததைக் கேட்காமல் நாங்கள் போனை வைத்ததே இல்லை. அந்தப் போயா அன்று நான் உனக்குப் போன் அடிக்கவில்லை. கூட்டம் முடிந்து ஐந்து கிழமை ஆகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. நீயும் அடிக்கவில்லை.

ஜூன் மூன்று அன்று என் பக்கத்தை ஓட்டோவுக்கு மாற்றினேன். இரண்டு நிமிட வேலை. இரண்டு பக்கமும் கதைத்து ஃபுல்லுக்கு வந்தன. பிழை இனி ஏறவில்லை என்று நிச்சயப்படுத்த அரை மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டு, எழும்பி ராக் அறைக்கு நடந்து வந்தேன், சேரிடம் சொல்லத்தான். கதவைத் திறக்கும்போது அனுஜன் கேபிளைச் செருகிவிட்டு நிமிர்ந்தான். சேரின் போன் அடித்தது. யார்ட் மனேஜர் பேசினார், எல்லாம் பறக்கிறது என்றார். சேர் கேபிளைக் காட்டி, “பாத்தியா மெல்ரோய், பாதி வளையம், பாதி வேகம்” என்றார். நான் வாய் திறக்கவில்லை. முதலில், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். மாலையில், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அறிக்கையில் உன் பெயரைக் கண்ட அன்று, இனிச் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள் என்று பயந்தேன். உன்னைப் போகச் சொல்லுவார்கள் என்று நினைக்கவில்லை. இது சாட்டு இல்லை, நடந்தது.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு ஒரு நிமிடம் எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது. கணக்கில் பிழை விடாதவள் என்று எல்லாரும் சொன்ன ஆளின் பெயரில் ஒரு பிழை. அந்த ஒரு நிமிடத்துக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

நான் உனக்கு அடிக்காதது என் குற்றம். உன் பக்கம் ஹாஃபில் கிடந்ததை நீ கண்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்தக் கடிதத்தை நுகேகொடைக்குக் கொடு. என் பெயரோடு கொடு.

மெல்ரோய்


வெள்ளவத்தை,
24 செப்ரெம்பர் 2025

மெல்ரோய் அண்ணா,

உங்கள் கடிதத்தை நேற்று முழுக்கக் கைப்பையில் கொண்டு திரிந்தேன். நுகேகொடைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, பாமன்கடையில் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். முதலில் வந்தது கோபம். ஒரு நிமிடச் சந்தோசத்தை மன்னிப்பேனோ தெரியாது. இப்போதைக்கு இல்லை.

ஆனால் உங்கள் கடைசிப் பந்தியை வைத்துக்கொண்டு எவரிடமும் போக என்னால் முடியவில்லை.

போயா அன்று சோதனை முடிந்ததும் ராக் பக்கத்துப் போர்ட்டுகள் எல்லாவற்றின் நிலையையும் வழக்கம்போல அச்செடுத்தேன். நாற்பத்தெட்டு வரி. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, இன்று எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். இருபத்துநாலாம் போர்ட், கேட் ஒபிஸ். வேகம் நூறு. டூப்ளெக்ஸ் என்ற இடத்தில் ஹாஃப். பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளியை வைத்தது நான்.

கண்டேன், அண்ணா. மார்ச் பதின்மூன்று, பின்னேரம் மூன்று மணிக்கே கண்டேன். மற்றப் பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒருவரிடம் கேட்க வேண்டும், அந்த ஒருவர் நீங்கள். போனைக் கையில் எடுத்தேன். கூட்டத்துக்குப் பிறகு நீங்கள் என்னை “மிஸ்” என்று கூப்பிடத் தொடங்கியிருந்தீர்கள். முதலில் அவர் கதைக்கட்டும் என்று நினைத்தேன். பழைய சுவிட்ச்தானே, அது ஹாஃபில்தான் ஓடுமாக்கும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு போனைப் பைக்குள் வைத்தேன். பிறகு யார்ட் இழுபட்டபோது அந்தப் புள்ளி ஞாபகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஏப்ரல் மாதமே வந்தது. அந்தத் தாளைக் கொண்டு உங்களிடம் வந்தால், அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகவே ராக்கில் அடுக்கிய நாலு சுவிட்சையும் தோண்டிக்கொண்டிருந்தேன், அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்.

உங்களிடமிருந்து ஒரு கடிதத்தை வாங்கி, என் தாளை மறைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக நுகேகொடையில் போய் நிற்பதுதான் என் திட்டம். “கட்டாயம் சொல்லியிருப்பாய்” என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் அதையே செய்திருப்பேன்.

இன்று காலை நுகேகொடைக்கு நானே ஒரு பக்கம் எழுதி, அச்சுத் தாளின் பிரதியையும் வைத்து அனுப்பிவிட்டேன். என் பக்கத்தில் நடந்ததை மட்டும் எழுதினேன். உங்கள் பெயரைப் போடவில்லை, “மறுமுனையில் வேலை செய்தவர்” என்று மட்டும். வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய். எனக்கு அந்த வேலை வேண்டும்.

இராசரத்தினம் சேரிடம் நீங்கள் சொல்லுவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். நான் கேட்கமாட்டேன்.

சுபோ


கொட்டாஞ்சேனை,
30.09.2025

சுபோ,

உன் கடிதத்தைக் கொன்ஸ்ரன்ஸிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “ரெண்டு பேரும் படிச்ச ஆக்கள்தானே?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவ்வளவுதான் அவளுடைய தீர்ப்பு.

நேற்றுக் காலை சேரின் அறைக்குப் போனேன். ஜூன் மூன்று நடந்ததை ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். உன் புள்ளியைப் பற்றி எழுதவில்லை, அது உன்னுடையது. சேர் இரண்டு தடவை வாசித்தார். “நாலு மாசம் என்னை முட்டாளாக்கி வச்சிருந்திருக்கிறாய்” என்றார். ஓம் சேர் என்றேன்.

அந்த நேரம் பார்த்து நுகேகொடையிலிருந்து போன் வந்தது. நீ எழுதி அனுப்பிய பக்கத்தை அவர்கள் வாசித்திருந்தார்கள். சேர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “மறுமுனையில வேலை செஞ்சவர் இந்தா நிக்கிறார், அவரிட்டயே கேளுங்கோ” என்று போனை என்னிடம் நீட்டிவிட்டார். மறுபக்கத்தில் ஒரு பெண், நல்ல அமைதியான குரல். இவவோடு திரும்ப வேலை செய்வீர்களா என்று கேட்டா. நான் சொன்னேன்: “மிஸ், என்ட பக்கத்துப் பிழையச் சொல்ல எனக்கு நாலு மாசமும் பதிவுத் தபாலும் தேவைப்பட்டிச்சு. தன்ட பக்கத்தில நடந்தத அவ யாரும் கேக்காமலே உங்களுக்கு எழுதியிருக்கிறா. நான் வேலை செய்வன். அவ செய்வாவோ தெரியாது.”

அவர்கள் உனக்கு இதற்குள் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே: ஒக்ரோபர் பதினைந்து, வேலைக்கு முதல் நாள்.

அறிக்கை திருத்தப்படுகிறது. “வடிவமைப்புப் பிழை” என்ற வரி போய்விட்டது. அந்த இடத்தில் கேட் இணைப்பு, டூப்ளெக்ஸ் பொருந்தவில்லை, இரு முனையும் சரிபார்க்கப்படவில்லை, கீழே உன் பெயரும் என் பெயரும். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. இனி யார்ட் வேலைகளுக்கு அனுஜன் பொறுப்பு, நான் அவனுக்குக் கீழே. வலிக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் நேற்று இரவு நல்ல நித்திரை.

இன்னொரு விஷயம். கேட் ஒபிஸ் பழைய சுவிட்சைக் கழற்றிப் புதியது போடுகிறோம், பதினோராம் திகதி சனிக்கிழமை. லொறி ஓடும் நாள்தான், நான்தான் அப்படிக் கேட்டேன். ராக் பக்கத்துக்கு ஒரு நாள் நீ வரமுடியுமா என்று சேர் கேட்கச் சொன்னார். சரி, உண்மையைச் சொல்லுகிறேன், நான்தான் சேரிடம் கேட்டேன். நான் கேட்டில் நிற்பேன். என் பக்கத்தை நான் வாசிக்க வேண்டும், உன் பக்கத்தை நீ வாசிக்க வேண்டும். அதற்கு என் இலக்கத்தை நீ திறக்க வேண்டியிருக்கும்.

மெல்ரோய்


வெள்ளவத்தை,
2 ஒக்ரோபர் 2025

மெல்ரோய் அண்ணா,

ஒக்ரோபர் பதினைந்து பற்றி எனக்கு ஒன்றும் தெரியாததுபோல அவர்களிடம் ஆச்சரியப்பட்டேன். நன்றாக நடிக்கவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். அந்த ஒரு நிமிடம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் வருகிறேன். ரொஷேலுக்கு ஒரு சின்னப் பொதி கொண்டு வருவேன், மே மாதமே வாங்கியது.

உங்கள் இலக்கத்தை இன்று திறந்துவிட்டேன். சனிக்கிழமைக்கு முன் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். திங்கட்கிழமை போயா, வீதி காலியாக இருக்கும், அன்றைக்கு வேண்டாம். செவ்வாய் காலை எட்டு மணிக்கு, நான் காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டு நிற்கும்போது அடியுங்கள். அந்த இரைச்சலில் நாங்கள் சொல்வது ஒருவருக்கொருவர் கேட்டால், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடலாம்.

சுபோ